கவுட் வலி: பனியும் சாப்பாடும் என்ன செய்கின்றன? தருமபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மருந்துக்கடையில் நிற்பவன் நான். கார்த்திகை பிறந்து பனி இறங்கியதும், ஒரு காலில் செருப்பும் மறு காலில் துணிக்கட்டுமாக நொண்டிக்கொண்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் கேட்பார்கள். அவற்றையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ராத்திரி நன்றாகத்தான் படுத்தேன். விடியற்காலையில் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. இது கவுட்தானா?

நீங்கள் சொல்லும் விதம் கவுட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் நீண்ட நாள் அதிகமாக இருந்தால், அது ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாக மூட்டுக்குள் படியும். அவை கலையும்போது உடலின் எதிர்ப்பு அணுக்கள் பாய்ந்து வந்து தாக்கும். வலி, வீக்கம், சூடு எல்லாம் அந்தச் சண்டையால் வருபவை. முதல் தடவை பெரும்பாலும் கால் கட்டைவிரலின் அடி மூட்டில்தான் வரும். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, விரல் மூட்டுகளிலும் வரலாம். ஒன்று இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கியும் போகும். சரியாகிவிட்டது என்று பலர் விட்டுவிடுவதும் அதனால்தான். வலி போனாலும் படிகம் அங்கேயேதான் இருக்கும்.

மூட்டில் ஊசி குத்தி நீர் எடுத்து, அதில் படிகம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான சோதனை. எல்லாருக்கும் அது தேவைப்படாது. வலி வந்த விதம், மூட்டின் தோற்றம், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை வைத்தே மருத்துவர்கள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பனிக்காலத்தில் வலி கூடுகிறதே, குளிருக்கும் யூரிக் அமிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. சர்க்கரைப் பாகு ஆறினால் பூத்துப்போகிறது அல்லவா, அதே கணக்குத்தான். உடலின் சாதாரண வெப்பமான 37 டிகிரியில், ஒரு டெசிலிட்டருக்கு (100 மி.லி.) சுமார் 6.8 மி.கி. வரை யூரிக் அமில உப்பு கரைந்து நிற்கும். 35 டிகிரியில் அது 6 மி.கி. அளவுக்கு இறங்கும். 30 டிகிரிக்குப் போனால் 4.5 மி.கி.யே அதிகம். நெஞ்சும் வயிறும் எப்போதும் 37 டிகிரியில் இருக்கும். இதயத்திலிருந்து தூரத்தில் இருக்கும் பாதமும் விரல்களும் அப்படி இருப்பதில்லை. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் மார்கழி விடியலில் வெறுங்காலோடு ஈர வயலில் இறங்கினால், விரல் மூட்டின் வெப்பம் பல டிகிரி குறைந்துவிடும். கட்டைவிரலில் முதலில் வருவதற்கும், நாள்பட்டவர்களுக்குக் காது மடலிலும் விரல் நுனியிலும் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளைக் கட்டிகள் வருவதற்கும் இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

இரவு நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2015-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கவுட் உள்ள 724 பேருக்கு எந்த நேரத்தில் வலி வந்தது என்று பார்த்தது. காலை 8 மணி முதல் மதியம் 3 மணி வரையுள்ள நேரத்தைவிட, நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை வலி வரும் வாய்ப்பு சுமார் 2.4 மடங்கு இருந்தது. தூக்கத்தில் உடல் வெப்பம் குறைகிறது, தண்ணீர் குடிக்காமலே எட்டு மணி நேரம் போகிறது, வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் சுரப்பும் அந்த நேரத்தில் தாழ்ந்திருக்கிறது. மூன்றும் ஒன்று சேரும் நேரம் அது.

அப்படியானால் வெயில் காலத்தில் பயமில்லையா?

பயம் உண்டு. நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாத விஷயமும் இதுதான். அமெரிக்காவில் 2014-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், வெப்பம் அதிகமாகவும் காற்றில் ஈரப்பதம் குறைவாகவும் இருந்த நாட்களில்தான் கவுட் வலி மிக அதிகமாக வந்தது. வியர்வையில் நீர் வெளியேறும், சிறுநீர் குறையும், யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்கும். சித்திரை, வைகாசியில் அரூர், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் அடிக்கும் காய்ந்த வெயிலை நினைத்துப் பாருங்கள். மாந்தோப்பில் காய் பறிப்பவர், கிரானைட் குவாரியில் வேலை செய்பவர், செங்கல் சூளையில் நிற்பவர் எல்லாருக்கும் அந்த ஆபத்து உண்டு.

ஆகவே பனி ஒரு வழியில் தூண்டுகிறது, வெயில் வேறு வழியில் தூண்டுகிறது. யூரிக் அமிலம் அளவோடு இருந்தால் இரண்டாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பருவத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அந்த எண்ணைப் பாருங்கள்.

ஓசூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை. விடியற்காலை பூப்பறிப்பு, அப்புறம் குளிர்அறை. வேலையை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். கை, கால் விரல்களைச் சூடாக வைத்துக்கொண்டால் போதும். குளிர்அறைக்குள் போகும்போது உல்லன் சாக்ஸ், மூடிய ஷூ, கையுறை போடுங்கள். சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத்துணி வெறுங்காலைவிடச் சீக்கிரம் குளிர வைக்கும். உள்ளே நீண்ட நேரம் நிற்காமல் இடையிடையே வெளியே வாருங்கள். விரலை இறுக்கும் ஷூவும் கூடாது, ஏனென்றால் மூட்டில் அழுத்தமும் அடியும் படுவதே வலியைக் கிளப்பும். குளிர் காலத்தில் தாகம் எடுக்காது. அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். வெந்நீராகக் குடித்தாலும் சரிதான்.

குளிர் ஆகாது என்கிறீர்கள். ஆனால் டாக்டர் ஐஸ் வைக்கச் சொன்னாரே?

நல்ல கேள்வி. டாக்டர் சொன்னது சரி. படிகம் உருவாவதற்குப் பல மாதங்கள், வருடங்கள் ஆகும். வலி வந்த நேரத்தில் அந்த மூட்டு நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. அப்போது கால் மணி நேரம் ஐஸ் வைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து வீக்கமும் வலியும் தணியும். மருந்தோடு ஐஸும் வைத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது என்று ஒரு சிறிய ஆய்வும் காட்டியிருக்கிறது. ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

நொச்சி இலை, தவிடு, உப்பு வைத்துச் சூடாக ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். தேய்மான வலிக்கு அது இதமாக இருக்கும். சிவந்து கொதிக்கும் மூட்டில் சூடு வைத்தால் வலி ஏறும். தேய்த்து உருவி விடவும் வேண்டாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, ஒன்றிரண்டு நாள் நடக்காமல் இருங்கள்.

தம்பி, கொள்ளு, அவரை, மொச்சை, கீரை எதுவும் கூடாது என்கிறார்களே. அப்புறம் நான் என்னதான் சாப்பிடுவது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள்கூடக் கறி எடுக்க முடியாத பெரியவர்கள், பருப்பையும் விட்டுவிட்டு வெறும் ரசச் சோறு சாப்பிட்டு உடம்பு வற்றிப்போவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை.

பயறு, கீரை, காளான், காலிஃபிளவர் ஆகியவற்றில் பியூரின் இருப்பது உண்மை. உடைந்தால் யூரிக் அமிலமாக மாறும் பொருள் அது. ஆனால் 2004-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, 47,150 அமெரிக்க ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு கூடியது. பியூரின் நிறைந்த காய்கறியும் பயறும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பாலும் தயிரும் அதிகம் சேர்த்தவர்களுக்கு வாய்ப்பு குறைந்தே இருந்தது.

எனவே கொள்ளு ரசமும் அவரைக்காய்க் குழம்பும் முருங்கைக்கீரையும் தாராளமாக இருக்கட்டும். கூட ஒரு டம்ளர் மோர் குடியுங்கள், அது நல்ல துணை. ஏதோ ஒரு குறிப்பிட்ட பயறு சாப்பிட்ட மறுநாள் தவறாமல் வலி வருகிறது என்று நீங்களே கவனித்திருந்தால், அதை மட்டும் குறைத்துப் பாருங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதக் கணக்கு வேறு. அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

ராகிக் களி?

தாராளமாகச் சாப்பிடலாம். களியோடு என்ன ஊற்றிக்கொள்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஆடிக் கறிவிருந்து, ஆட்டுக்கால் சூப், ஒகேனக்கல் மீன்?

முதலில் விட வேண்டியவை ஈரல், குடல், மண்ணீரல், மூளை, சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள். பியூரின் மிக அதிகம் இருப்பது அவற்றில்தான். கடா வெட்டு விருந்தில் ரத்தப் பொரியல், குடல் கறி, ஈரல் வறுவல் மூன்றும் ஒரே இலையில் வந்துவிடும். கூடவே மதுவும் சேர்ந்தால் மறுநாள் விடியலில் வலி வர நல்ல வாய்ப்பு உண்டு. ஆட்டுக்கறியை வாரம் ஒரு முறை, சில துண்டுகளோடு நிறுத்துங்கள். வேகவைத்தால் பியூரினில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். அதனால்தான் சூப்பும் கெட்டிச் சாறும் துண்டுகளைவிட மோசம். கால் வலிக்கு ஆட்டுக்கால் சூப் நல்லது என்று கவுட் உள்ளவருக்கும் அன்போடு வைத்துக்கொடுக்கிறார்கள். அவருக்கு அது வேண்டாம்.

மீனில் மத்தி, நெத்திலி, இறால், கருவாடு ஆகியவற்றைக் குறையுங்கள். ஒகேனக்கல் போன இடத்தில் இரண்டு துண்டு ஆற்று மீன் வறுவல் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. முட்டை சாப்பிடலாம். அதில் பியூரின் மிகக் குறைவு.

மாம்பழச் சீசனில் வலி வந்தது. பழத்திலுமா யூரிக் அமிலம்?

பழத்தில் யூரிக் அமிலம் இல்லை. ஆனால் பழத்தில் இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை, கல்லீரலில் உடைக்கப்படும்போது யூரிக் அமிலம் உருவாகிறது. ஒரு பழம், அரைப் பழம் யாரையும் கெடுக்காது. நம் ஊரிலோ, செந்தூரா வந்ததும் தோப்புக்குப் போய் உட்கார்ந்து கணக்கில்லாமல் சாப்பிடுவது வழக்கம். அதற்கும் மேலே பெங்களூரா மாம்பழக் கூழில் சர்க்கரை சேர்த்து அடைத்த ஜூஸ் பாட்டில். நான் அதிகம் அஞ்சுவது அந்தப் பாட்டிலைத்தான். நாளுக்கு இரண்டும் அதற்கு மேலும் இனிப்புக் குளிர்பானம் குடித்த ஆண்களுக்கு, மாதம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிடக் கவுட் வாய்ப்பு 85 சதவீதம் அதிகம் என்று 2008-ல் ஓர் ஆய்வு சொன்னது. கறியே தொடாத சிலருக்கு யூரிக் அமிலம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளைச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ்தான். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான், தேனிலும் ஃபிரக்டோஸ் ஏராளம். இந்த விஷயத்தில் அவை எதுவும் மாற்று இல்லை. சர்க்கரை போடாத காபி குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்குக் கவுட் சற்றுக் குறைவாகவே வருகிறது.

பீர்தானே, லேசானது என்று குடிக்கலாமா?

கவுட்டுக்கு மதுவிலேயே மோசமானது பீர்தான். மதுவோடு பியூரினும் அதில் சேர்ந்தே வருகிறது. தினம் இரண்டு பீர் குடித்தவர்களுக்குக் கவுட் வாய்ப்பு இரண்டரை மடங்கு. பிராந்தி, விஸ்கி குடித்தாலும் கூடும். வலி அடங்கும்வரை எதையும் தொடாதீர்கள், அடங்கிய பிறகும் விட்டுவிட முடிந்தால் நல்லது. உங்கள் வீட்டுக்காரர்களும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

புளி மூட்டைப் பிடிக்குமா?

கவுட்டைப் பொறுத்தவரை புளிக்குழம்பைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறீர்கள். எங்கள் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு என்கிறார்கள். என் மூட்டு வலியே அதனால்தானோ?

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, அனுமதிக்கப்பட்ட லிட்டருக்கு 1.5 மி.கி. அளவைத் தாண்டி இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஜப்பான் கடனுதவியோடு நிறைவேற்றி 2013-ல் தொடங்கிவைத்ததே இதற்காகத்தான்.

ஃபுளோரைடால் எலும்பில் வரும் பாதிப்பு கவுட் போலத் திடீரென்று வராது. வருடக்கணக்கில் மெதுவாகக் கழுத்து, முதுகு, இடுப்பு விறைக்கும். குனிய முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது. சிறு வயதிலிருந்தே அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் மஞ்சளோ பழுப்போ கறை இருக்கும். கவுட் ஒரு மூட்டில், ஒரே இரவில், சிவந்து கொதித்து வரும், அப்புறம் முழுக்க அடங்கும். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் இரண்டையும் பிரித்துக் காட்டும். ஒருவருக்கே இரண்டும் இருக்கவும் கூடும்.

ஆகவே தண்ணீர் நிறையக் குடியுங்கள், ஆனால் குடிப்பது ஒகேனக்கல் குழாய்த் தண்ணீராகவோ, ஃபுளோரைடு பரிசோதித்த தண்ணீராகவோ இருக்கட்டும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். நாளுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிப்பது நல்லது. இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும்.

வலி உயிர்போகிற நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள். யூரிக் அமிலம் நார்மல் என்று வந்தது. எப்படி?

வலி உச்சத்தில் இருக்கும்போது அந்த எண் இறங்கி நிற்பது உண்டு. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இதற்கு நேர்மாறாக, எண் அதிகமாக இருந்தும் வாழ்நாளில் ஒரு நாள்கூட வலி வராதவர்களும் பலர். வலியே இல்லாதவர், முழு உடல் பரிசோதனையில் 7.5 என்று வந்ததற்காக மட்டும் மாத்திரை தொடங்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தால் மாத்திரை வேண்டாம்தானே?

யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நம் உடலே உண்டாக்குவது. சாப்பாட்டிலிருந்து வருவது மீதிதான். அதனால் கடுமையான பத்தியம் இருந்தாலும் சுமார் 1 மி.கி. குறையும், பெரும்பாலும் அவ்வளவே. 9 இருப்பவர் 8-க்கு வருவார். படிகம் கரைய 6-க்குக் கீழே வர வேண்டும், கட்டி வந்துவிட்டவர்களுக்கு 5-க்குக் கீழே. கவுட் உள்ள பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல், சிறுநீரகம் யூரிக் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாததுதான். இது பரம்பரையாகவும் வரும். எனவே நோய் வந்ததற்காக யாரையும் வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்று பேசாதீர்கள்.

அடிக்கடி வலி வருபவர்கள், கட்டி வந்தவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆகியோருக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபுரினால், ஃபெபுக்சோஸ்டாட் போன்ற மாத்திரைகள் தேவைப்படும். குறைந்த அளவில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி கூடுதலாகக்கூட வரலாம். படிந்தது கரையத் தொடங்கும்போது அப்படி ஆகும். அதைத் தடுக்கக் கொல்ச்சிசின் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்த வலியைப் பார்த்து "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் துயரம். ஆனால் அலோபுரினால் தொடங்கியபின் உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கொல்ச்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. வேலியில் வளர்கிறதே என்று அந்தக் கிழங்கைப் பிடுங்கி அரைத்துச் சாப்பிட்டால் உயிரே போகும். மாத்திரையில் இருப்பது மில்லிகிராமில் அளந்த அளவு. அதையுமே சொன்னதற்கு மேல் போடக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலி வரும்போது மட்டும் ஒரு ஊசி, ஒரு வலி மாத்திரை. போதாதா?

வலி தணியும், நோய் வளரும். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் கெட்டால் யூரிக் அமிலம் இன்னும் தேங்கும். பெயர் அச்சடிக்காத மூட்டுவலிப் பொடிகளை வாங்காதீர்கள். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று உங்களால் தெரிந்துகொள்ள முடியாது.

பிபி மாத்திரையாலும் வருமா?

வரலாம். சிறுநீரை அதிகமாக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃபுரோசமைடு போன்றவையும், தினசரி சிறிய அளவு ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தை ஏற்றும். காசநோய்க்கான பைரசினமைடும் அப்படித்தான். லோசார்டன் என்ற பிபி மாத்திரையோ சற்றே இறக்கும். 2021 ஆகஸ்ட்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள் பலர். மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டி, கவுட் இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காகப் போடும் ஆஸ்பிரினை நிறுத்துவது கவுட்டைவிடப் பெரிய ஆபத்து.

எடை குறைக்க விரதம் இருக்கலாமா?

மெதுவாகக் குறைத்தால் கவுட்டுக்கு மிக நல்லது. முழுப் பட்டினி இருந்தால், கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் உடலில் சேர்ந்து, யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கும். சஷ்டி, ஏகாதசி இருப்பவர்கள் தண்ணீரும் மோருமாவது குடித்துக்கொண்டு இருங்கள்.

பெண்களுக்கு வராதா?

மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் யூரிக் அமிலத்தை வெளியேற்ற உதவுவதால் அரிதாகவே வரும். நின்ற பிறகு வரும். பிபியும் சிறுநீரகக் கோளாறும் உள்ள அம்மாக்களுக்கு விரல் மூட்டு வீங்கினால், வயசானால் வருகிற தேய்மானம்தானே என்று விடாமல் ஒரு தடவை யூரிக் அமிலம் பாருங்கள்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

மூட்டு வீக்கத்தோடு குளிர் காய்ச்சல் அடித்தால், மூட்டில் அடிபட்டோ ஊசி போட்டோ சில நாளில் வீங்கினால், சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண்ணும் வீக்கமும் சேர்ந்து வந்தால் அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். பார்க்கக் கவுட் மாதிரியே இருக்கும். ஓரிரு நாள் தாமதத்திலேயே மூட்டு அழிந்துவிடும். இரவானாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள். போகும்போது தற்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.